ஒரே இடத்தைக் கேட்ட இருவர்

டிஸ்கில் ஒரே இடத்துக்கு இரண்டு ஃபைல்கள் உரிமை கொண்டாடின.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் பட்டென்று போய், கம்ப்யூட்டர் அப்படியே விழுந்துவிட்டால், மறுபடி எழுப்பும்போது டிஸ்குக்குள் இந்த மாதிரிக் கூத்துகள் நடக்கத்தான் செய்யும். ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் டிக்கெட் வைத்திருக்கிற பஸ் மாதிரி. பதினான்கு வருஷமாக அடுத்தவர்களின் டிஸ்குகளுக்கு உயிர் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் அவள். ஆபீசில் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே டாக்டர்தான். இப்படிப்பட்ட வரிகளைப் பார்த்தால் அவளுக்குக் கொட்டாவி வரும். இன்றும் வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

இரண்டு ஃபைல்களில் ஒன்று 'அப்பா பாட்டு'. அது அவள் வைத்த பெயர். இன்னொன்றின் பெயர் 'வாலு'. அவள் மகளை வீட்டில் கூப்பிடும் பெயர் அது. ஆனால் அந்தப் பெயரில் ஒரு ஃபைலை அவள் வைத்ததே இல்லை.

பக்கத்தில் கடைசியாக எழுதப்பட்ட நேரம் இருந்தது. இன்றைய தேதி. மூன்று இருபது. கரண்ட் போனது இரண்டு மணிக்கு. அவள் பெட்டியை மறுபடி முடுக்கியது நாலு மணிக்கு. மூன்று இருபதுக்கு அது கட்டைபோல் அலமாரியில் கிடந்தது. அதற்குள் எவனும் எதையும் எழுதியிருக்க முடியாது. உள்ளே இருக்கும் கடிகாரம் பிசகியிருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். சொன்னவளே அதை நம்பவில்லை.

"அம்மா, அப்பா எப்ப வருவார்?" ஹாலிலிருந்து மகள் கத்தினாள்.

"ஆறு மணிக்குத்தானேடி வருவார். அதுவரைக்கும் படம் வரைஞ்சிட்டிரு."

வெளியாள் யாராவது கேட்டால் கொஞ்சம் திடுக்கிடுவார்கள். அந்த அப்பா இறந்து பதினொரு மாதம். நாலு நாள் காய்ச்சல், ஐந்தாம் நாள் ஆளில்லை. அவர் விட்டுப்போனது நாற்பத்து மூன்று வீடியோக்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயந்திரம் ஆறு மணிக்கு அதில் ஒன்றைப் போட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பது வீட்டு வழக்கமாகிவிட்டது. அதற்குப் பெயர் அப்பா வருவது. போன வாரம் வீடியோ தொடங்கும் முன்னால் அந்த ஆறு வயசு, "அப்பா குரல் எப்படிம்மா இருக்கும்? மறந்துபோச்சு" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டது. அன்று இரவு அவள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

அந்த நாற்பத்து மூன்றும் இந்த ஒரே டிஸ்கில்தான் இருந்தன. ஃபோனில் இடம் அடைக்கிறது என்று எல்லாவற்றையும் இங்கே மாற்றிவிட்டு ஃபோனில் இருந்ததை அழித்துவிட்டாள். ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் 'பேக்கப் எடுத்தீங்களா, பேக்கப் எடுத்தீங்களா' என்று கரித்துக்கொட்டுகிறவளுடைய லட்சணம் இது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றை இன்று செய்திருந்தாள். அடிபட்ட டிஸ்கின் மேல் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. முழுசாக ஒரு நகல் எடுத்து, நகலின் மேல்தான் வைத்தியம். அவள் தொழிலில் முதல் பாடம் அது. ஆனால் வீட்டில் காலி டிஸ்க் இல்லை, ஞாயிற்றுக்கிழமை, மழை, கடை அடைப்பு. ஆறு மணிக்குள் அப்பா வந்தாக வேண்டும். போதாததற்கு, சரிபார்க்கும் புரோகிராம் ஐந்து ரவுண்டு ஓடும், ஒவ்வொரு கோளாறுக்கும் நின்று 'சரி செய்யட்டுமா?' என்று கேட்கும். நூறு தடவை, ஆயிரம் தடவை கேட்கும். கேட்கப்போகும் எல்லாக் கேள்விக்கும் சேர்த்து முன்கூட்டியே 'ஆம்' என்று சொல்லிவிட ஒரு வழி உண்டு. ஆபீசில் ஒருவன் அப்படிச் செய்ததற்காக அவனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவள் அவள். இன்று அதையே செய்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

திரையில் அடுத்த வரி வந்தது. இரண்டுக்கும் தனித்தனி நகல் எடுக்க டிஸ்கில் இடமில்லை. ஒன்றுக்கு மட்டும் கொடுக்கட்டுமா? ஆம்.

எந்த ஒன்றுக்கு என்று சொல்லவில்லை.

அவள் உட்கார்ந்திருந்த அறை சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒரு சின்ன சாமான் அறை. ஜன்னல் கிடையாது. மழைக்காக உள்ளே கட்டியிருந்த கொடியில் ஈரத்துணிகள் தொங்கின. அவற்றின் புழுங்கிய வாசனையும் பெட்டியிலிருந்து வரும் சூடான தூசி வாசனையும் ஒன்றோடொன்று கலந்து, மூச்சு விடும்போதெல்லாம் தொண்டையில் ஒரு பஞ்சுத்துணுக்கு மாதிரி ஒட்டின. டிஸ்க் 'டிக், டிக், டிக்' என்று எதையோ கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. லைட் போடவில்லை, திரை வெளிச்சம் போதும் என்றிருந்தாள். கொடியில் தொங்கும் துணிகளின் நிழல் சுவரில் தோளும் கையுமாக நின்றது.

ஃபோன் அடித்தது. தம்பி. அவனும் வேறொரு ஆபீசில் இதே வேலைதான் பார்க்கிறான்; டிஸ்க் விஷயத்தை அவனிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

"எந்த ரவுண்டுல இருக்கேக்கா?"

"முதல் ரவுண்டு முடியப்போகுது."

"காப்பி எடுத்துட்டுத்தானே ஆரம்பிச்சே?"

"பின்னே? எனக்கே கிளாஸ் எடுக்கிறியா?"

"சரி சரி, டாக்டர் சொன்னா சரிதான். எதுக்கும் நடுவுல நிறுத்தித் தொலைக்காதே. பாதி எழுதினதும் பாதி எழுதாததுமா நின்னுட்டா அப்புறம் ஆண்டவனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும்டா."

"வாலு எங்கே? ஒரு சத்தத்தையும் காணோம்?"

அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. அந்தக் குழந்தைக்கு வாய் ஓயாது. படம் வரைந்தால் பாட்டு, பால் குடித்தால் பாட்டு, பாத்ரூமில் உட்கார்ந்தால் பாட்டு. அர்த்தமில்லாமல் தானாகவே கட்டிய ஒரு மெட்டு, காலையிலிருந்து ராத்திரி வரைக்கும். மத்தியானத்திலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த அந்த மெட்டு இப்போது இல்லை. எப்போது நின்றது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"வரைஞ்சிட்டிருக்கா. வெச்சிடறேன்," என்றாள்.

எட்டிப் பார்த்தாள். ஹாலின் சோபாவில் மகள் குனிந்து ஏதோ தீட்டிக்கொண்டிருந்தாள். நெற்றி முடி முகத்தை மறைத்தது. "ஏன்டி, பாட்டு ஸ்டாக் தீர்ந்துபோச்சா?" என்றாள்.

மகள் நிமிர்ந்து யோசித்தாள். "எந்தப் பாட்டு?"

விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

இரண்டாவது ரவுண்டு. இதில் புரோகிராம் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, மூடிவிட்டு அடுத்ததுக்குப் போகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது, லாட்ஜில் மேனேஜர் ரூம் ரூமாகத் தட்டிப் பார்க்கிற மாதிரி என்று. திரையில் முதல் ஃபோல்டரின் பெயர் வந்தது. அதே சமயம் வீட்டுக்குள் எங்கோ ஒரு கதவு கிரீச்சிட்டுத் திறந்து, மூடியது. பாத்ரூம் கதவு. கீல் துருப்பிடித்த அந்தக் கதவின் முனகல் அவளுக்கு அத்துப்படி.

அடுத்த ஃபோல்டர். படுக்கையறைக் கதவு.

அடுத்தது. பீரோ. கைப்பிடியைத் திருகினால் வரும் அந்த இரும்புச் சத்தம்.

"வாலு, கதவை ஆட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

"நான் இங்கதாம்மா இருக்கேன்." குரல் ஹாலிலிருந்து வந்தது. சோபா இருக்கும் பக்கத்திலிருந்துதான்.

காற்று. மழைக்காற்று. ஜன்னலை எங்கோ சாத்தாமல் விட்டிருப்பாள். காற்று பாத்ரூம் கதவைத் திறக்கும், படுக்கையறைக் கதவைத் திறக்கும். பீரோவின் கைப்பிடியைத் திருகுமா என்பதை யோசிக்காமல் இருக்கத் திரையையே பார்த்தாள். சமையலறைக் கதவு. பால்கனிக் கதவு. கடைசியாக வாசல் கதவு. தாழ்ப்பாள் விலகி, கொஞ்ச நேரம் மழைச்சத்தம் பெரிதாகக் கேட்டு, மறுபடி சிறிதானது. பீரோவையும் சேர்த்து, அவள் இருக்கும் அறையை விட்டுவிட்டால், இந்த வீட்டில் கதவுகள் ஆறு. ஆறும் ஆனது.

எழுந்து போய் வாசல் கதவைப் பார்த்தாள். தாழ் போட்டபடியே இருந்தது. கால்மிதியில் மட்டும் ஈரம்.

மகளைப் பார்த்தாள். அவள் பாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அவள் பக்கத்திலேயே உட்காரலாமா என்று தோன்றியது. இருந்தாலும் மூன்றாவது ரவுண்டு தொடங்கிவிட்டது. அங்கே நாற்பத்து மூன்று வீடியோக்களின் தலையெழுத்து எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடி வந்து உட்கார்ந்தாள்.

மூன்றாவது ரவுண்டில், எல்லா ஃபோல்டருக்கும் வாசலிலிருந்து வழி இருக்கிறதா என்று பார்ப்பது. வழி தெரியாமல் அநாதையாகக் கிடப்பதை எல்லாம் பொறுக்கி, தொலைந்து கிடைத்தவை என்று ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வைக்கும். ஒரே ஒரு வரி வந்தது.

வழியில்லாத ஓர் இடம் கிடைத்தது. இணைக்கட்டுமா? ஆம்.

அவள் முதுகுக்குப் பின்னால், சாமான் அறையின் வெறும் சுவர்ப் பக்கத்தில், கதவே இல்லாத இடத்தில், ஒரு கதவு திறந்தது.

திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை. கொடியில் தொங்கிய துணிகள் ஒவ்வொன்றாக அசைந்தன, யாரோ அவற்றை விலக்கிக்கொண்டு நடந்து போவதுபோல; ஈரமான ஒரு சட்டைக் கை அவள் காதைத் தொட்டுவிட்டுப் போனது. காலடிச் சத்தம் இல்லை. ஒரு வாசனை மட்டும் போனது. மென்தால் மிட்டாய். சிகரெட்டை விட்டதிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு என்று அவர் வாயில் போட்டுக்கொண்டிருந்த அந்த மிட்டாய். 'இதுக்குச் சிகரெட்டே தேவலாம், பல்லாவது மிஞ்சும்' என்று அவள் திட்டுவாள். வீட்டில் அது கடைசியாக இருந்தது பதினொரு மாதத்துக்கு முன்னால்.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாசனை கடந்து போனபோது அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். அதை மறைத்துப் பயனில்லை. இழுத்தாள்.

அப்போது ஹாலில் தும்மல் கேட்டது.

அவருடைய தும்மல் அக்கம்பக்கத்தில் பிரசித்தம். வீடே அதிரும். மூன்று போடுவார், மூன்றாவதுக்குக் கீழ்வீட்டு வாத்தியார் மாடியைப் பார்த்து, "சார், கூரை பத்திரமா இருக்கா?" என்பார். அதே தும்மல். ஒன்று. அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. இரண்டு. மூன்று.

ஓடினாள். ஹாலில் மகளைத் தவிர யாரும் இல்லை. மகள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு... யாரு தும்மினது?"

"நான்தாம்மா."

"நீயா?"

"ஆமாம்மா. குளிருது."

சின்னக் குரல்தான். அவள் குரல்தான். ஆனால் கொஞ்சம் மெலிந்து, பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்பதுபோல. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், சூடில்லை. போர்வையை எடுத்துப் போர்த்தினாள். "இன்னும் கொஞ்ச நேரம்டா கண்ணு. அப்பா வந்துடுவார்," என்றாள்.

"சரிம்மா," என்று மகள் கால்களைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சாமான் அறைக்குத் திரும்பி வந்து நாற்காலியில் அமர்ந்த பிறகுதான் அது அவளுக்கு எட்டியது. அந்தச் சோபா உயரமானது. அவள் மகளுக்குக் கால் தரைக்கு எட்டாது.

நான்காவது ரவுண்டு ஓட ஆரம்பித்திருந்தது.

இந்த ரவுண்டில்தான் பெயர் எண்ணுவார்கள். டிஸ்கில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயராவது இருக்க வேண்டும். பெயர் இல்லாதது, எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இல்லாததுதான். 'அப்பா பீச்': பெயர் எண்ணிக்கை சுழியம், இருக்க வேண்டியது ஒன்று. சரி செய்யட்டுமா? ஆம். 'அப்பா ஊஞ்சல்': ஆம். 'அப்பா ஷேவிங்': ஆம். 'அப்பா தூக்கத்தில்': ஆம். ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அவளுக்குக் கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை, உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்பது. நாற்பது. பாத்ரூமில் குழாய் திறக்கும் சத்தம். நாற்பத்தொன்று. வாளியில் தண்ணீர் விழும் சத்தம். நாற்பத்திரண்டு. கடைசியாக, 'அப்பா பாட்டு': ஆம்.

நாற்பத்து மூன்று. முடிந்தது. எல்லாம் வந்துவிட்டன.

ஆனால் ஒரு வரி மிச்சம் இருந்தது.

'வாலு': பெயர் எண்ணிக்கை ஒன்று. இருக்க வேண்டியது சுழியம். சரி செய்யட்டுமா?

ஆம்.

"வாலு!" என்று கத்தினாள்.

பதில் இல்லை. செல்லப்பெயரைக் கூப்பிட்டால் சில நேரம் அந்தப் பெண் வேண்டுமென்றே திரும்பமாட்டாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த முழுப்பெயரை அழுத்திக் கூப்பிட்டால்தான் வருவாள். முழுப்பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே இருந்தது. பெயர் வரவில்லை. நாக்கு நுனியில் இருக்கிறது என்பார்களே, அப்படிக்கூட இல்லை. நாக்கு நுனியில் ஒன்றுமே இல்லை. பெயர் தேடி அவரும் அவளும் பதினேழு நாள் சண்டை போட்டது ஞாபகம் இருந்தது. என்ன பெயர் வைத்தார்கள் என்பது இல்லை.

பள்ளிப்பை சமையலறை ஆணியில் தொங்கியது. பாய்ந்து எடுத்தாள். நோட்டு. அட்டையில் ஒட்டிய லேபிள். வகுப்பு இருந்தது. பிரிவு இருந்தது. பெயர் என்ற இடத்துக்கு எதிரே வெள்ளையாக இருந்தது. அடுத்த நோட்டு. வெள்ளை. அடுத்தது. வெள்ளை. தன் கையால், தன் பேனாவால் ஜூனில் உட்கார்ந்து எழுதிய லேபிள்கள்.

ஃபோனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், உன் மருமக பேர் என்னடா?"

"என்னது?"

"உன் மருமகடா. வாலு. ஸ்கூல்ல கொடுத்த பேர். சீக்கிரம் சொல்லு."

தம்பி சிரித்தான். "எந்த மருமக? என்னக்கா, ஞாயித்துக்கிழமை அதுவுமா காமெடியா?"

"விளையாடாதே. கெஞ்சிக் கேக்கறேன்."

சிரிப்பு நின்றது. அவன் குரல் மெதுவாயிற்று. நோயாளியிடம் பேசும் குரல். "அக்கா... உனக்கு ஏதுக்கா குழந்தை? அந்தப் பேச்சை எடுத்தாலே நீ அழுவியேன்னு நாங்க யாரும் எடுக்கறதில்லையே. என்ன ஆச்சு உனக்கு? ஃபோனை மாமாகிட்ட குடு."

"யார்கிட்ட?"

"மாமாகிட்ட. குளிக்கிறார்னு இப்பதானே சொன்னே?"

பாத்ரூமில் வாளியிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம். நடுநடுவே யாரோ பாடினார்கள். கட்டைக் குரல். சுருதி சேராத குரல். அந்தப் பாட்டை அவள் நாற்பத்து மூன்றாவது வீடியோவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். வீடியோவில் அது இரண்டு நிமிஷத்தில் வெட்டுப்படும். இங்கே வெட்டுப்படவில்லை. அடுத்த அடிக்குப் போனது. அவள் கேட்டே இராத அடி.

திரையில் ஐந்தாவது ரவுண்டு. கடைசி ரவுண்டு. மொத்தக் கணக்கைச் சரிபார்த்து முத்திரை குத்துவது. இருபது சதவீதம்.

பிளக் அவள் காலடியில் இருந்தது. குனிந்து பிடுங்கினால் போதும்.

பிடுங்கவில்லை.

இதை அவள் பிறகு யாரிடமும் சொல்லமுடியாது. அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கதவைத் திறந்துகொண்டு துண்டால் தலையைத் துவட்டியபடி அவர் வருவார். 'என்ன டாக்டரே, ஞாயித்துக்கிழமையும் ஆபரேஷனா?' என்பார். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டு... பார்த்துவிட்டு உடனே பிடுங்கிவிடலாம். நாற்பது சதவீதம். அவ்வளவு ஏங்கியிருந்தாள் பாவி. ஐம்பது. தண்ணீர் நின்றது. துண்டை உதறும் சத்தம். அறுபது.

ஹாலிலிருந்து, ரொம்பத் தூரத்திலிருந்து, "அம்மா" என்றது ஒரு குரல். கூப்பிடும் குரல்கூட இல்லை. தூக்கத்தில் முனகுவது மாதிரி.

பிளக்கைப் பிடுங்கினாள்.

பெட்டியின் விசிறி இறங்கி இறங்கி நின்றது. திரை அணைந்தது. டிக் டிக் சத்தம் ஒரு டிக்கின் பாதியில் அறுந்தது. பாத்ரூமில் சத்தம் இல்லை. வீடு முழுக்க மழை மட்டும். வெளியே பொழுது சாய்ந்துவிட்டது; ஹாலில் ஜன்னல் எது, சுவர் எது என்று மட்டும்தான் தெரிந்தது. கையில் ஃபோன் செத்துக் கிடந்தது. அதைப் போட்டுவிட்டு இருட்டில் தடவிக்கொண்டு ஓடினாள். மேசையில் இடுப்பு இடித்தது. வலிக்கவில்லை.

"வாலு!"

"அம்மா."

தெளிவான குரல். அவள் மகளின் குரல். ரேடியோக் குரல் இல்லை, முழுக்குரல்.

சோபாவில் போர்வைக்குள் ஒரு சின்ன உருவம் சுருண்டிருந்தது. மண்டிபோட்டு அதை அணைத்துக்கொண்டாள். தலைமுடியில் முகத்தைப் புதைத்தாள். ஷாம்பு வாசனை, கிரேயான் வாசனை, பிஸ்கட் வாசனை. இருக்கிறாள். இருக்கிறாள். போகட்டும், நாற்பத்து மூன்றும் போகட்டும், குரல் மறந்தால் மறக்கட்டும். "ஒண்ணுமில்லடா. ஒண்ணுமில்லடா தங்கம். அம்மா இருக்கேன்," என்று ஏதேதோ உளறினாள். தேம்பித் தேம்பி அழுதாள்.

சின்னக் கை ஒன்று வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பிசுபிசுவென்று, பிஸ்கட் துகளோடு.

"வா, பெட்டுக்குப் போலாம்," என்று தூக்கினாள். காலையில் பல் தேய்க்க ஒற்றைக்கையால் இடுப்பில் தூக்கி வைத்த உடம்பு.

தூக்க முடியவில்லை.

இரண்டு கையாலும் தூக்கினாள். சோபாவின் ஸ்பிரிங் முனகியது. ஓர் அங்குலம் எழும்பவில்லை. போர்வைக்கு அடியில் மெத்தை பலகை வரைக்கும் அமுங்கியிருப்பது முழங்கையில் தட்டுப்பட்டது.

"ஏன்டி இப்படிக் கனக்கறே?"

மார்போடு மார்பு அழுந்தியிருந்தது. உள்ளே துடிப்பது கேட்டது. படபடவென்று ஒன்று. அதற்குப் பக்கத்தில், நிதானமாக, இன்னொன்று.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கலாம். பெயர் இல்லை.

போர்வைக்குள்ளிருந்து இரண்டாவது கை வந்தது. மெதுவாக வந்தது. அவள் தோளைத் தாண்டியது. முதுகைத் தாண்டியது. இன்னும் வந்துகொண்டே இருந்தது. முதுகை முழுசாகச் சுற்றி வந்து, அந்தப் பக்கத்துத் தோளில், அகலமாக, சொரசொரப்பாகப் படிந்தது. குளித்த ஈரம் இன்னும் காயவில்லை.

லைட் சுவிட்ச் சோபாவுக்கு மேலேதான். கை நீட்டினால் எட்டும். நீட்டினாள். விரல் சுவிட்சைத் தொட்டது.

"லைட் போடாதேம்மா." பிஞ்சுக் குரலில் ஆரம்பித்தது. கட்டைக் குரலில் முடிந்தது.

தோளிலிருந்த அந்தப் பெரிய கை சுவரில் ஊர்ந்துபோய், அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, வலிக்காமல், கீழே இறக்கியது.